கல்லில் இருந்தோம், பலகையில் இல்லை!

(பாகூரில், வில்லியனூர், பாகூர் கொம்யூன் தோழர்கள் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

நடவு வேலையை முடித்துக்கொண்டு காலில் சேறு காயும் முன்பே இங்கு வந்து அமர்ந்திருக்கும் உழவர் தோழர்களே!

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், சீனம் கடல் கடந்து கட்டும் துறைமுகங்களும், அவற்றோடு சேர்ந்து கரையேறும் செல்வாக்கும். பொருளைக் கேட்டதும் உங்களில் சிலர் புன்னகை புரிவதைப் பார்க்கிறேன். "ஏரிக்கு மதகு பார், வாய்க்காலுக்குத் தூர் பார், ஊருக்கு வழி பார் என்று நாம் கேட்டுக்கொண்டிருக்கிறோம், இவரோ பெய்ஜிங்கைப் பற்றிப் பேச வந்துவிட்டாரே!" என்று எண்ணுகிறீர்கள். எண்ணுவது தவறன்று. ஆயினும் சற்றே பொறுங்கள். நம் கரைக்கு எதிர்க்கரையில் இருக்கிறது இலங்கை. அங்கு நடந்ததைச் சொல்லி, அதில் பாகூருக்கு என்ன பாடம், வில்லியனூருக்கு என்ன வேலை என்பதைக் காட்டாமல் நான் இந்த மேடையை விட்டு இறங்கப் போவதில்லை.

கல் சொல்லும் கதை

முதலில் ஒரு கல்லின் கதை. 1911ஆம் ஆண்டு இலங்கையின் தென்கரையில் உள்ள காலி நகரில், நீர்க்கால் ஒன்றின் மேல் மூடுகல்லாகக் குப்புறக் கிடந்த பலகைக்கல்லைக் கண்டெடுத்தார்கள். புரட்டிப் பார்த்தால் எழுத்து! ஒரு மொழியன்று, மூன்று மொழி! சீனம், தமிழ், பாரசீகம். 1409ஆம் ஆண்டு நாளிட்ட கல்வெட்டு. மிங் பேரரசின் கப்பற்படைத் தலைவர் செங் ஹே, சீன நாட்டிலேயே செதுக்கச் செய்து, கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்து நாட்டிய கல் அது. இன்று கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது, போகிறவர்கள் பார்க்கலாம்.

அதில் எழுதியிருப்பது என்ன? சீனப் பகுதி புத்தருக்குக் காணிக்கை செலுத்துகிறது. பாரசீகப் பகுதி இசுலாத்தின் பெயரால் காணிக்கை கூறுகிறது. தமிழ்ப் பகுதியோ, தேவேந்திரமுனையில் கோயில் கொண்டிருந்த தெனவரை நாயனாருக்குக் காணிக்கை என்கிறது. பொன் 1000, வெள்ளி 5000, பட்டு 100 என்று பட்டியல் போட்டு, பார்ப்பவர் படித்துப் புரிந்துகொள்ளும்படி எழுதியிருக்கிறது.

ஏன் தமிழ்? சீனப் பேரரசருக்குத் தமிழ்மேல் காதலா? தமிழ்ப் புலவர் எவரேனும் நான்கிங் நகரில் குடியேறித் தமிழ்ச் சங்கம் நடத்தினாரா? இல்லை, தோழர்களே! அந்தக் கடலில் வாணிகம் நடத்தியவன் தமிழ் பேசினான். அந்தத் துறையில் கணக்கு எழுதியவன் தமிழில் எழுதினான். தமிழனைக் கேட்காமல் அந்தக் கரையில் காரியம் நடவாது என்பதைச் சீனம் அறிந்திருந்தது. மதிக்கவேண்டிய இடத்தில் தமிழ் இருந்தது. ஆகவே கல்லிலும் இருந்தது.

பரிசு கொண்டுவந்தவர் பரிசோடு நின்றாரா என்றும் கேளுங்கள். நிற்கவில்லை. பின்னர் போர் மூண்டது. 1411இல் அந்நாட்டு ஆட்சியாளர் அழகேசுவரரைச் சிறைபிடித்துச் சீனத்துக்கே கொண்டு சென்றார்கள். பட்டு வந்த கப்பலில்தான் படையும் வந்தது. வரலாறு நமக்குச் சொல்லும் முதல் எச்சரிக்கை இது: பரிசுப் பொருளைப் பார்க்கும்போதே, கப்பலின் அடித்தட்டில் என்ன இருக்கிறது என்பதையும் பார்!

பலகை சொல்லும் கதை

கல்லின் கதைக்குப் பின் 612 ஆண்டுகள் உருண்டன. 2021ஆம் ஆண்டு மே மாதம். கொழும்பு நகரில், இலங்கைச் சர்க்காரின் தலைமை வழக்கறிஞர் திணைக்களத்தில், சீனத்தின் உதவியோடு அமைந்த மின்னணு நூலகம் ஒன்றுக்குத் திறப்பு விழா. திரையை விலக்கினார்கள். பெயர்ப்பலகை பளபளத்தது. அதில் சிங்களம் இருந்தது. ஆங்கிலம் இருந்தது. சீனம் இருந்தது. தமிழ்? தமிழைக் காணோம்!

சட்டம் காக்கும் திணைக்களத்தின் சுவரில், சட்டம் ஆட்சிமொழி என்று சொன்ன தமிழைக் காணோம். 1956இல் "சிங்களம் மட்டும்" என்று சட்டம் செய்தார்கள். இரத்தம் சிந்திய ஆண்டுகள் பல கழிந்தபின், 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம், தமிழும் ஆட்சிமொழி என்று ஏட்டில் எழுதிற்று. ஏட்டில் ஏறிய தமிழ் பலகையில் ஏறவில்லை. எந்த ஏட்டிலும் இல்லாத சீனம் பலகையில் ஏறி அமர்ந்தது. எதிர்ப்புக் குரல் எழுந்த பிறகு பலகையை அகற்றினார்கள். பலகையை அகற்றிவிடலாம், அந்தப் பலகையை எழுதச் சொன்ன மனத்தை அகற்றுவது எப்படி?

1409இல் பேரரசனின் கல்லில் இருந்தோம். 2021இல் நூலகத்தின் பலகையில் இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவே நடந்தது என்ன? பணம் கொடுப்பவன் ஒருவன், கையெழுத்திடுபவன் ஒருவன், இருவரும் மட்டுமே போதும் என்றாகிவிட்டது. மூன்றாவது ஆளாகிய மக்களைக் கேட்கத் தேவையில்லை என்றாகிவிட்டது. கேட்கத் தேவையில்லாதவனின் மொழி பலகையில் எதற்கு? இதுதான் நான் இன்று சொல்ல வந்த செய்தியின் உயிர்.

அம்பாந்தோட்டை

இனிப் பணத்தின் கதைக்கு வருகிறேன். 2013இல் சீன அதிபர் சீ சின்பிங் ஒரு பெருந்திட்டத்தை அறிவித்தார். பழைய பட்டுப்பாதையைத் தரைவழியாகவும் கடல்வழியாகவும் புதுப்பிப்பது அதன் நோக்கம். துறைமுகம், இருப்புப்பாதை, மின்நிலையம், நெடுஞ்சாலை என்று கண்டம் கண்டமாகக் கட்டுமானம் எழுந்தது. லாவோசு நாட்டில் 2021இல் 414 கிலோமீட்டர் இருப்புப்பாதை திறந்தது. கிரேக்க நாட்டின் பிரேயசு துறைமுகத்தில் பெரும்பங்கு சீனக் கம்பெனியின் கைக்கு 2016இல் வந்தது. ஆனால் அறிவிப்பு வருவதற்கு முன்பே இலங்கையில் வேலை தொடங்கிவிட்டது.

இலங்கையின் தென்கரையில், அன்றைய அதிபர் மகிந்த ராசபக்சேயின் சொந்த மாவட்டம் அம்பாந்தோட்டை. அங்கு 2008இல் துறைமுக வேலை தொடங்கிற்று. முதலில் இந்தியாவிடம்தான் கேட்டதாக ராசபக்சே பின்னர் கூறினார். சீனத்தின் ஏற்றுமதி இறக்குமதி வங்கி முதற்கட்டத்துக்கு 30.7 கோடி டாலர் கடன் தந்தது. வட்டி நூற்றுக்கு 6.3. கட்டியவை யார் கம்பெனிகள்? அவையும் சீனக் கம்பெனிகளே. 2010 நவம்பர் 18ஆம் நாள், அதிபரின் பிறந்தநாளன்று, திறப்பு விழா. வாணவேடிக்கை உண்டு, வாழ்த்துப்பா உண்டு. வரவேண்டிய கப்பலைத்தான் காணோம். 2012ஆம் ஆண்டு முழுவதும் அங்கு ஒதுங்கிய கப்பல்கள் 34. அதே ஆண்டு கொழும்புத் துறைமுகத்துக்கு வந்தவை 3,600க்கும் மேல். அம்பாந்தோட்டைக்கு அருகே மத்தல என்னும் ஊரில் 2013இல் வானூர்தி நிலையமும் கட்டினார்கள். அதற்கும் சீனக் கடன். அங்கும் வானூர்தி வரக் காணோம்.

கடைசியில் நடந்தது என்ன? 2017 சூலை 29ஆம் நாள் ஒப்பந்தம். சைனா மெர்ச்சன்ட்சு என்னும் கம்பெனிக்குத் துறைமுகம் 99 ஆண்டுக் குத்தகை. அதற்கு விலை 112 கோடி டாலர். 99 ஆண்டு என்றால் என்ன பொருள்? கையெழுத்திட்டவனின் பேரனும் கிழவனாவான் என்று பொருள். துறைமுகத்தை ஒட்டித் தொழிற்பேட்டைக்கு 15,000 ஏக்கர் என்று பேச்சு எழுந்தபோது, 2017 சனவரியில் அந்த மாவட்டத்துச் சிங்கள உழவர்களும் பிக்குகளும் தெருவில் இறங்கினார்கள். அவர்களுக்குக் கிடைத்த விடை கண்ணீர்ப்புகை. கவனியுங்கள், தோழர்களே! தமிழனுக்கு மொழி போயிற்று என்றால், சிங்கள உழவனுக்கு நிலம் போகும் அச்சம். கேட்காமல் கையெழுத்திடும் வழக்கம் வந்துவிட்டால், அது இனம் பார்த்து நிற்காது.

ஒரு சிறு நாடகம்

நான் நாடகக்காரன். கணக்கை நாடகமாக்கினால்தான் எனக்கே விளங்கும். காட்சி ஒன்று: ஒரு கூட்டுக்குடும்பம். வெளியூர்ச் செல்வர் வருகிறார். திண்ணையில் பெரியவர் மட்டும் அமர்ந்திருக்கிறார், தம்பிமார் வயலில்.

"ஐயா, உங்கள் கொல்லையில் பெரிய கிணறு ஒன்று வெட்டினால் என்ன?"

"பணத்துக்கு எங்கே போவது?"

"நான் தருகிறேன். ஆனால் வெட்டுவது என் ஆட்கள். கல்லும் சுண்ணாம்பும் என் கடைச் சரக்கு."

"தண்ணீர் ஊறுமா?"

"ஊறும் என்று என் ஆளே சொல்லிவிட்டான். இதோ பத்திரம்."

"தம்பிமாரைக் கேட்க வேண்டாமா?"

"கிணற்றின் முகப்பில் உங்கள் பெயரைச் செதுக்குகிறேன், ஐயா!"

பெரியவர் கையெழுத்திட்டார். காட்சி இரண்டு: கிணறு வெட்டியாயிற்று. செல்வரின் வலப்பையிலிருந்து புறப்பட்ட பணம், அவருடைய இடப்பைக்கே போய்ச் சேர்ந்தது. கடன் மட்டும் குடும்பத்தின் தலையில். தண்ணீரோ அரை வாளி. காட்சி மூன்று: மளிகைக் கடன், விதைக் கடன், கல்யாணக் கடன் என்று பலரும் வாசலில் நிற்கிறார்கள். செல்வர் மறுபடி வருகிறார். "கிணற்றை எனக்குக் குத்தகைக்கு விடுங்கள், ரொக்கம் தருகிறேன்." பெரியவர் வாங்கினார், வாங்கியதை மற்றக் கடன்காரர்களுக்குக் கொடுத்தார். காட்சி நான்கு: கிணறு செல்வரிடம். கிணறு வெட்டிய கடன்? அது இன்னும் குடும்பத்திடம்!

சிரிக்கிறீர்கள். இதில் பெரியவரும் செல்வரும் என் கற்பனை. கணக்கு என் கற்பனை அன்று. அம்பாந்தோட்டையில் நடந்தது இதுவே. குத்தகைப் பணம் சீனக் கடனை அடைக்கப் போகவில்லை. வெளிநாட்டுச் செலாவணிக் கையிருப்பில் சேர்ந்தது. துறைமுகம் கட்டிய கடன் இலங்கை மக்களின் கணக்கிலேயே நின்றது.

பழியை ஒரு கொடியின்மேல் போடாதீர்

இதைக் கேட்டதும், "ஆகா, சீனந்தான் இலங்கையை விழுங்கிற்று" என்று முடிவுகட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடாதீர்கள். நம் இயக்கம் பகுத்தறிந்து பேசும் இயக்கம்; எதிரியின் கணக்கானாலும் சரியாகப் போடவேண்டும். 2022 ஏப்ரல் 12ஆம் நாள், வெளிநாட்டுக் கடனைக் கட்ட இயலாது என்று இலங்கை கைவிரித்தது. பெட்ரோலுக்கு வரிசை, எரிவாயுவுக்கு வரிசை, மருந்துக்கு வரிசை. அன்று அந்நாட்டுச் சர்க்கார் பட்டிருந்த வெளிநாட்டுக் கடனில் சீனத்தின் பங்கு ஏறத்தாழ ஐந்தில் ஒன்று. அதைவிடப் பெரிய பங்கு, மூன்றில் ஒன்றுக்கும் மேற்பட்டது, உலகப் பணச்சந்தையில் விற்ற கடன் பத்திரங்கள். அவற்றை வைத்திருந்தவர்கள் மேல்நாட்டு முதலீட்டாளர்கள். பெய்ஜிங் துறைமுகம் கட்டியது கண்ணில் தெரியும். நியூயார்க்கில் பத்திரம் மடித்துவைத்திருந்தது கண்ணில் தெரியாது. அவ்வளவுதான் வேறுபாடு.

நம் வீட்டுக் கணக்கையும் பார்ப்போம். பெய்ஜிங்கைத் தலைமையிடமாகக் கொண்டு 2016இல் பணி தொடங்கிய ஆசிய உட்கட்டமைப்பு முதலீட்டு வங்கியில் இரண்டாவது பெரிய பங்குதாரர் யார்? இந்தியாதான்! சென்னை மெட்ரோ இரயிலின் இரண்டாம் கட்டத்துக்கு அந்த வங்கியின் கடனும் உண்டு. ஆகவே, அயலார் பணம் என்றாலே தீட்டு என்று நான் சொல்லவில்லை. பணத்துக்கு நிறம் இல்லை, பத்திரத்துக்கு உண்டு.

யாழ்ப்பாணத்துத் தீவுகளின் கதையையும் கேளுங்கள். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு. தமிழர் வாழும் சின்னஞ்சிறு தீவுகள். அங்கு காற்றும் வெயிலும் கொண்டு மின்சாரம் எடுக்கும் வேலையை 2021 சனவரியில் ஒரு சீனக் கம்பெனிக்குக் கொடுத்தார்கள். தமிழ்நாட்டுக் கரைக்கு அருகே சீனமா என்று இந்தியா முகம் சுளித்தது. ஆண்டு முடிவில் வேலை நின்றது. 2022 மார்ச்சில் அதே வேலையை இந்தியாவின் நன்கொடையோடு செய்வதாக ஒப்பந்தம் ஆயிற்று. கடனுக்குப் பதில் கொடை வந்தது நன்மையே. ஆனால் விளக்கெரிய வேண்டிய வீடு எவருடையது? தீவில் வாழும் தமிழனுடையது. பெய்ஜிங்கும் டெல்லியும் கொழும்பும் பேசின பேச்சுத்தான் எங்கும் கேட்டதே அல்லாமல், அவன் குரல் எந்தத் தலைநகரில் கேட்டது?

மன்னாரில் காற்றாலை அமைக்க இந்தியாவின் அதானி நிறுவனம் வந்தது. பறவைகள் வலசை வரும் வழி இது என்று மக்களும் இயற்கை ஆர்வலரும் எதிர்த்தார்கள், நீதிமன்றம் ஏறினார்கள். மின்சார விலையை மறுபடியும் பேசவேண்டும் என்று புதிய சர்க்கார் சொன்னது. 2025 பிப்ரவரியில் நிறுவனம் விலகிக்கொண்டது. சீனக் கொடியானால் கேட்போம், நம் கொடியானால் கேளோம் என்பது நேர்மையாகாது. எவன் வந்தாலும் கேள். அதுவே நேர்மை, அதுவே வீரம்.

வேட்டி கட்டிய தூதர்

பொருளாதாரம் ஒரு கால் என்றால், பண்பாடு மறு கால். ஒரு காலால் எவரும் நெடுந்தூரம் நடப்பதில்லை. களனிப் பல்கலைக்கழகத்தில் சீன மொழி பயிற்றக் கன்பூசியசு நிலையம். கொழும்பு வானில் 350 மீட்டர் உயரத்தில் தாமரைக் கோபுரம். கடலைத் தூர்த்து 269 எக்டேரில் துறைமுக நகரம். 2014 செப்டம்பரில் சீன அதிபரே நேரில் வந்து தொடங்கிவைத்தது அது. அதன் ஆட்சிமுறைக்கென 2021 மே மாதத்தில் தனிச்சட்டமே செய்தார்கள்.

அதே 2021 திசம்பரில் சீனத் தூதர் யாழ்ப்பாணம் வந்தார். வேட்டி கட்டினார், மேலாடை களைந்து, அந்தக் கோயிலின் முறைப்படி நல்லூர்க் கந்தசாமி கோயிலுக்குள் சென்றார். யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்கு நூல்கள் தந்தார். மீனவர்க்கு உதவிப்பொருள் வழங்கினார். நூலகம் என்றதும் உங்கள் நெஞ்சு கனக்கும். 1981இல் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிந்த நூலகம் அது. அங்கு எவர் நூல் கொடுத்தாலும் நன்றியோடு ஏற்கலாம். ஆனால் எண்ணிப் பாருங்கள்: மே மாதத்துப் பலகையில் தமிழுக்கு இடமில்லை, திசம்பர் மாதத்தில் தூதரின் இடுப்பில் வேட்டிக்கு இடம் உண்டு. 1409இல் தெனவரை நாயனாருக்குக் காணிக்கை. 2021இல் நல்லூர்க் கந்தனுக்கு வணக்கம். வழிமுறை பழையதுதான். நம் உடையை உடுத்திக் காட்டுபவரிடம் நாம் கேட்க வேண்டியது, "ஐயா, மகிழ்ச்சி! பத்திரத்தையும் எங்கள் மொழியில் காட்டுங்கள்!" என்பதே.

நம் மண்ணில்

இனி, சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறேன், பாகூருக்கு வருகிறேன்.

அயலார் கட்டும் கட்டுமானம் நமக்குப் புதிதா? 1879இல் விழுப்புரத்திலிருந்து வில்லியனூர் வழியாகப் புதுச்சேரிக்கு இருப்புப்பாதை வந்தது. நம் பாட்டன் அதைக் கண்டு வியந்திருப்பான். ஆனால் அந்தக் காலத்தில் புதுச்சேரித் துறையில் கப்பலேறியது என்ன? நிலக்கடலை மார்சேல் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்குப் போயிற்று. நீலத்துணி ஆப்பிரிக்கக் கரைக்குப் போயிற்று. நம் ஆட்களே ஒப்பந்தக் கூலிகளாகி ரியூனியன் தீவுக்கும் குவாதலூப்புக்கும் மார்த்தினிக்குக்கும் போனார்கள். பாதை போட்டவன் நோக்கத்துக்கே பண்டம் போகும். பாதை ஓரத்தில் நின்றவன் கையசைத்துக் கொண்டிருப்பான்.

நம் கடற்கரையைப் பாருங்கள். 1980களின் கடைசியில் அரியாங்குப்பத்து ஆற்றுமுகத்தில் துறைமுகத்துக்காக அலைதடுப்புச் சுவர் கட்டினார்கள். தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் சுவரில் தடைப்பட்டது. வடக்கே நகரத்தின் மணற்கரை கரைந்தது; மீனவக் குப்பங்களில் கடல் புகுந்தது. கட்டியவன் அயலானும் அல்லன். ஆனால் கடலைத் தன் உள்ளங்கைபோல் அறிந்த மீனவனைக் கேட்டா கட்டினார்கள்?

வில்லியனூர்த் தோழர்களே, சேதராப்பட்டு, கரசூர்ப் பக்கம் உங்களுக்குத் தெரியாததா? சிறப்புப் பொருளாதார மண்டலம் என்ற பெயரில் நூற்றுக்கணக்கான ஏக்கர் நிலத்தை எடுத்தார்கள். தொழில் வரும், வேலை வரும் என்றார்கள். ஆண்டுகள் பல, நிலம் வெறும் நிலமாகவே கிடந்தது. உழவனிடமும் இல்லை, தொழிலாளியிடமும் இல்லை. அம்பாந்தோட்டைக்குக் கப்பலில் போக வேண்டியதில்லை. அரை நாள் மிதிவண்டிப் பயணம் போதும்.

இதே பாகூருக்கு வேறொரு பெருமையும் உண்டு. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன், ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன், இங்கிருந்த கல்விநிலையத்துக்கு மூன்று ஊர்களைக் கொடையாக அளித்த செப்பேடு பாகூரில் கிடைத்தது. வடமொழியில் புகழ் பாடிய அந்தச் செப்பேடும் தமிழை விட்டுவிடவில்லை. தமிழ்ப் பகுதியும் அதில் உண்டு. முடியாட்சிக் காலத்துச் செப்பேட்டிலேயே உழவனின் மொழிக்கு இடம் இருந்தது. குடியாட்சிக் காலத்தில், கடன் பத்திரம் எந்த மொழியில் இருக்கிறது? நிலம் எடுக்கும் அறிக்கை எவருக்குப் புரிகிறது?

கீழூர் கேட்கிறது

தோழர்களே! இந்தக் கொம்யூன்களுக்கு உள்ள மாண்பு இந்தியாவில் வேறெந்த ஊருக்கும் எளிதில் வாய்த்ததன்று. 1954 அக்டோபர் 18ஆம் நாள். வில்லியனூர்க் கொம்யூனைச் சேர்ந்த கீழூர். பிரஞ்சிந்தியாவின் பிரதிநிதி சபை உறுப்பினர்களும், நகர, கொம்யூன் மன்ற உறுப்பினர்களும் அங்கே கூடினார்கள். மொத்தம் 178 பேர். இந்தியாவோடு இணையலாம் என்று 170 பேர் வாக்களித்தார்கள். எதிர்த்து 8 பேர். நவம்பர் முதல் நாள் ஆட்சி கைமாறியது. ஒரு நாட்டின் தலைவிதியைக் கொம்யூன் உறுப்பினர்கள் வாக்களித்துத் தீர்மானித்த மண் இது!

அந்தக் கொம்யூன் மன்றங்களின் நிலை பின்னர் என்ன ஆயிற்று? புதுவையில் உள்ளாட்சித் தேர்தல் 1968இல் நடந்தது. அடுத்தது எப்போது? 2006இல்! 38 ஆண்டு இடைவெளி. அந்த மன்றங்களின் பதவிக்காலம் 2011இல் முடிந்தது. 2021இல் தேர்தல் அறிவிப்பு வந்தது. வந்த வேகத்தில் தடைப்பட்டது. இப்படியாகப் பத்தாண்டுக்கும் மேலாக, மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர் எவரும் இல்லாமல் அதிகாரிகளைக் கொண்டே கொம்யூன்களின் காலம் கழிந்தது. புதுவையை இந்தியாவோடு இணைத்த மன்றத்துக்கே நாற்காலி காலி!

இங்கேதான் அம்பாந்தோட்டை பாகூரைத் தொடுகிறது. நாளை ஒரு கம்பெனி வரும். சீனத்திலிருந்து வரலாம், பிரான்சிலிருந்து வரலாம், மும்பையிலிருந்தும் வரலாம். ஆற்று மணலை, நிலத்தடி நீரை, ஏரிக்கரையை, கடற்கரையைக் கேட்கும். பாகூரின் சார்பில் பேசுபவர் யார்? திண்ணையில் பெரியவர் ஒருவர் மட்டும் இருக்கிறார்; தம்பிமாரெல்லாம் வயலில் இருக்கிறார்கள். நாடகத்தின் முதற்காட்சி அப்படியே இருக்கிறது, தோழர்களே! செல்வர் வரவேண்டியதுதான் பாக்கி.

கேட்டால் கிடைக்கும்

கேட்டு என்ன பயன் என்று சோர்ந்து பேசுவோருக்கு மலேசியாவைக் காட்டுகிறேன். நம் இனத்தார் இலட்சக்கணக்கில் வாழும் நாடு. அங்கே கிழக்குக் கரை இருப்புப்பாதைக்குச் சீனத்தோடு போட்ட திட்டத்தின் செலவு 6,550 கோடி ரிங்கிட். 2018இல் தேர்தல் வந்தது. மக்கள் ஆட்சியை மாற்றினார்கள். புதிய பிரதமர் மகாதீர் வேலையை நிறுத்தினார். "சீனத்தோடு பகையில்லை, விலை கட்டுப்படியாகாது" என்ற நிலையில் நின்று பேசினார். 2019 ஏப்ரலில் அதே சீனம் 4,400 கோடி ரிங்கிட்டுக்கு இறங்கி வந்தது. 2,150 கோடி ரிங்கிட் குறைந்தது எதனால்? பீரங்கியாலா? இல்லை, வாக்குச்சீட்டால்! கேட்கத் தெரிந்த மக்கள் பின்னால் நின்றதால்! பேரரசும் விலையைக் குறைக்கும், எதிரே மக்கள் நிற்கிறார்கள் என்று தெரிந்தால்.

ஆகவே, வில்லியனூர், பாகூர்த் தோழர்களுக்கு நான் விடுக்கும் வேண்டுகோள் இதுதான். உங்கள் ஊரில் எந்தத் திட்டப் பலகை நாட்டினாலும், அதன்முன் நின்று நான்கு கேள்வி கேளுங்கள். இதைக் கேட்டவர் யார்? நாமா, வேறு எவரோ? பணம் எவருடையது, வட்டி எவ்வளவு, திருப்பிக் கட்டுபவர் யார்? வேலை எவருக்கு, நம் பிள்ளைகளுக்கா, வந்திறங்கும் ஆட்களுக்கா? நட்டம் வந்தால் பிடித்துக்கொள்ளப் போகும் பொருள் எது. நிலமா, நீரா, கரையா? நான்குக்கும் விடை தமிழில் கேளுங்கள். வாயால் கேட்டு விடை வராவிட்டால், 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. மனு எழுதிக் கேளுங்கள். எழுதத் தெரிந்தவர், எழுதத் தெரியாதவருக்கு எழுதிக் கொடுங்கள். அதுவும் இயக்க வேலையே. கொடி கட்டுவதைவிட உயர்ந்த வேலை.

அதோடு, கொம்யூன் தேர்தல் வேண்டும் என்ற குரலை ஊர்தோறும் எழுப்புங்கள். வரும் மன்றத்தில் நம் தோழர்தான் அமரவேண்டும் என்பதில்லை. மாற்றுக் கட்சிக்காரர் அமரட்டும். கட்சியே இல்லாதவர் அமரட்டும். ஆனால் எவரேனும் அமரட்டும், மக்கள் அனுப்பி அமரட்டும்! காலி நாற்காலியோடு ஒப்பந்தம் பேசுவது எவனுக்கும் எளிது.

செங் ஹேயின் கல்லில் தமிழ் இருந்ததற்குக் காரணம், அந்தக் கரையில் தமிழனைக் கேட்டாகவேண்டியிருந்தது. கேட்டாகவேண்டிய மக்களாக நாம் இருந்தால், நம் மொழியைப் பலகையில் எழுது என்று எவரிடமும் கெஞ்சவேண்டியதில்லை. வருகிறவனே எழுதிக்கொண்டு வருவான். பங்காரு வாய்க்காலில் தண்ணீர் வரும்போது மடையில் ஆள் நிற்கவேண்டும்; ஆள் இல்லாத மடையில் எவன் வயலுக்கு வேண்டுமானாலும் தண்ணீர் பாயும். மடையில் நில்லுங்கள், தோழர்களே! உறங்காமல் நில்லுங்கள்!